பழைய குற்றத்துக்குப் பெயர் எதற்கு?

வகுப்பில் ஒரு மாணவியின் பேனா காணாமற் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயைத் திறப்பதற்கு முன்பே முப்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பும். போன வருடம் இன்னொருவனின் வண்ணப் பென்சில் பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டானே, அந்தப் பையன் பக்கம்! இன்றைய பேனாவை அவன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஆனாலும் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பான். "நான் எடுக்கலே சார்" என்று அவன் சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. இருபது ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டி பிடித்தவன் என்ற முறையில் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த முப்பது தலைகளோடு என் தலையும் சேர்ந்து திரும்பியதுண்டு.

பேனா என்றால் பள்ளியோடு முடிந்துவிடும். துப்பாக்கி என்றால்? இதே சங்கதி ஒரு துப்பாக்கி வழக்காக அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1997-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். சட்டம் படிப்போர் இதனை 'ஓல்ட் சீஃப் வழக்கு' என்று குறிப்பிடுவார்கள். ஓல்ட் சீஃப் என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பப் பெயர். 'பழைய தலைவர்' என்று பொருள். செவ்விந்தியர் என்று நாம் அந்தக் காலப் பாடநூல்களில் படித்தோமே, அந்தப் பூர்வகுடி மக்களிடையே இத்தகைய குடும்பப் பெயர்கள் வழக்கத்தில் உண்டு.

1993-ஆம் ஆண்டு. இடம், அமெரிக்காவின் வடக்கு எல்லையில் கனடாவை ஒட்டிக் கிடக்கும் மொண்டானா மாநிலம். ஒரு சச்சரவு. அதில் குறைந்தது ஒரு வேட்டாவது வெடித்தது. ஓல்ட் சீஃப் கைதானார். அவர்மீது மூன்று குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஆபத்தான ஆயுதத்தால் தாக்கியது ஒன்று. வன்செயலில் துப்பாக்கியைப் பயன்படுத்தியது இரண்டு. முன்பே தண்டனை பெற்றவராக இருந்தும் துப்பாக்கி வைத்திருந்தது மூன்று. நம் கதை அந்த மூன்றாவது குற்றச்சாட்டில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமையாகவே கருதப்படுகிறது. நமக்கு இது விந்தையாகப் படும். எனினும் அங்கும் எல்லாரும் வைத்திருக்க முடியாது. வன்முறைக் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்கு 1938-இலேயே ஒரு கூட்டரசுச் சட்டம் தடை போட்டது. 1961-இல் அந்தத் தடை எல்லாப் பெருங்குற்றங்களுக்கும் விரிந்தது. பிறகு 1968 வந்தது. ஏப்ரல் மாதம் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் மாதம் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்தார். அவருடைய அண்ணன் அதிபர் கென்னடியைக் கொன்றது தபாலில் வரவழைத்த துப்பாக்கி என்பதை மக்கள் அதற்குள் மறந்திருக்கவில்லை. அக்டோபர் மாதம் அதிபர் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முன்பு தண்டனை பெற்றவர்களுக்கான தடை அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

சட்டம் சொல்வது இதுதான். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத் தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்ட எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. 'விதிக்கத் தக்க' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒருநாள்கூடச் சிறைக்குப் போகாமல் நன்னடத்தைப் பிணையில் வீட்டுக்கு வந்திருந்தாலும் தடை தடைதான். சில விலக்குகளும் இருக்கின்றன. வியாபாரிகள் கூடிப் பேசி விலையை உயர்த்துவது போன்ற வணிகக் குற்றங்கள் இந்தக் கணக்கில் சேரா! சட்டத்தை எழுதும்போது யார் யார் பக்கத்தில் இருந்தார்களோ, தெரியவில்லை.

ஆக, மூன்றாவது குற்றச்சாட்டை நிரூபிக்க அரசுத் தரப்பு முதலில் காட்ட வேண்டியது, இவர் முன்பே தண்டனை பெற்றவர் என்பதை. துப்பாக்கி இவர் வசம் இருந்தது என்பதையும் காட்ட வேண்டும். அந்தத் துப்பாக்கி எப்போதாவது ஒரு மாநில எல்லையைத் தாண்டி வந்தது என்பதையும் காட்ட வேண்டும். (மாநிலங்களுக்கிடையே நடக்கும் வாணிபத்தின்மேல்தான் அங்குள்ள நாடாளுமன்றத்துக்கு அதிகாரம். அதனால் இப்படி ஒரு சுற்றுவழி.)

ஓல்ட் சீஃப் முன்பு செய்த குற்றம் என்ன? ஒருவரைத் தாக்கிக் கடுங்காயம் விளைவித்தது. அதற்கு ஐந்தாண்டுச் சிறை. இப்போதைய வழக்கும் அடிதடி வழக்கே. பன்னிரண்டு சாதாரண மக்கள் ஜூரிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். கடைக்காரர், மாட்டுப் பண்ணைக்காரர், குடும்பப் பெண் என்று யாராகவும் இருக்கலாம். அவர்கள் முன்னிலையில் "இவர் முன்பும் ஒருவரை அடித்துப் படுகாயப்படுத்தியவர்" என்று வாசித்தால் என்ன ஆகும்? பன்னிரண்டு தலைகளும் ஒரே பக்கம் திரும்பும்.

இதனை உணர்ந்த அவருடைய வழக்கறிஞர் ஒரு யோசனை சொன்னார். "என் கட்சிக்காரர் முன்பே தண்டனை பெற்றவர் என்பதை நாங்களே ஒப்புக்கொள்கிறோம், எழுதியும் தருகிறோம். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத் தக்க ஒரு குற்றத்தில் இவர் தண்டிக்கப்பட்டிருக்கிறார் என்று மட்டும் ஜூரிகளிடம் சொல்லுங்கள். சட்டத்துக்கு வேண்டியது அவ்வளவே. அந்தக் குற்றத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள்" என்பது அதன் சாரம்.

அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார். என் வழக்கை எந்தச் சான்றைக்கொண்டு நிரூபிப்பது என்பது என் உரிமை என்றார். விசாரணை நீதிபதியும் அவர் பக்கமே சாய்ந்தார். பழைய தீர்ப்பின் தாள் அப்படியே ஜூரிகள் முன் வைக்கப்பட்டது. தாக்கியது, கடுங்காயம், ஐந்தாண்டுச் சிறை எல்லாம் அதில் இருந்தன. மூன்று குற்றச்சாட்டுகளிலும் ஓல்ட் சீஃப் குற்றவாளியே என்று ஜூரிகள் முடிவு கூறினர்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி. பிறகுதான் விஷயம் வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே அவர் 'நான் அடிக்கவில்லை, சுடவில்லை' என்று வாதாடவில்லை என்பதை மறக்கக் கூடாது. மேல்முறையீடு என்பது வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்துவதன்று. கீழே நடந்த விசாரணையில் விதி மீறப்பட்டதா என்று பார்ப்பது மட்டுமே. நம்மில் பலர், அப்பீல் செய்தால் சாட்சிகளை மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. தாள்களே பேசும். வழக்கறிஞர்கள் பேசுவார்கள். நீதிபதிகள் குறுக்கே கேட்பார்கள். ஓல்ட் சீஃப் வழக்கில் கேட்கப்பட்டதும் ஒரே கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவர் தம் பழைய தண்டனையை ஒப்புக்கொள்ள முன்வந்த பிறகும், அதன் பெயரைச் சொல்லியே தீருவேன் என்று அரசுத் தரப்பு பிடிவாதம் செய்யலாமா?

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சூட்டர். அரசுத் தரப்பின் வாதத்தை அவர் எடுத்த எடுப்பில் தள்ளிவிடவில்லை. அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பொதுவாக ஒரு வழக்கை எப்படிச் சொல்வது என்பது அரசுத் தரப்பின் விருப்பமே என்று அவர் ஒப்புக்கொண்டார். ஏனென்றால் வழக்கு என்பது ஒரு கதை. கோயில் பஞ்சாயத்தில் ஒருவர் எழுந்து, "சண்டை நடந்தது, கை ஒடிந்தது, மற்றதை இரு தரப்பும் எழுதிக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லி உட்கார்ந்தால் நாம் சும்மா இருப்போமா? யார் முதலில் கை ஓங்கினார், கட்டை எங்கிருந்து வந்தது, அந்த நேரம் லயத்து வாசலில் யார் நின்றார் என்று முழுதும் கேட்டால்தானே ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சொல்ல மனம் துணியும்? நடுவில் பக்கம் கிழிந்த கதையை ஜூரிகளும் நம்ப மாட்டார்கள். ஆகவே, குற்றம் சாட்டப்பட்டவர் "இதை ஒப்புக்கொள்கிறேன், அதைச் சொல்லாதே" என்று கதையைத் துண்டு போட முடியாது.

ஆனால் பழைய தண்டனை இந்தக் கதையின் பக்கமே அன்று என்பதுதான் சூட்டர் கண்ட வேறுபாடு. 1993-இல் நடந்த சச்சரவில் யார் என்ன செய்தார் என்பதற்கும், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நீதிமன்றம் இவருக்கு அளித்த தண்டனைக்கும் தொடர்பில்லை. அது இவருடைய சட்ட நிலையைக் காட்டும் ஒரு முத்திரை. அடையாளக் கார்டில் உள்ள எண்ணைப் போன்றது. முத்திரை இருக்கிறதா இல்லையா என்பதே சட்டத்தின் கேள்வி. பழைய குற்றம் திருட்டா, மோசடியா, அடிதடியா என்பதைச் சட்டமே பொருட்படுத்தவில்லை. அப்படியிருக்க அதன் பெயரைச் சொல்வதால் வழக்குக்கு ஒரு குந்துமணி அளவும் பலம் கூடாது. தப்பெண்ணமோ மலையளவு கூடும்.

தப்பெண்ணம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. 'அன்று செய்தவன் இன்றும் செய்திருப்பான்' என்பது முதல் விதம். இது நாம் எல்லாரும் அறிந்தது. இரண்டாவது இன்னும் மோசம். 'இன்றைக்கு இவன் செய்யாவிட்டாலும் என்ன, இப்படிப்பட்டவன் உள்ளேயே இருக்கட்டும்' என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. இந்த இரண்டாவது எண்ணம் வந்துவிட்டால் சாட்சிகள் என்ன சொன்னார்கள் என்பதை யாரும் எடைபோட மாட்டார்கள். பழைய குற்றமும் புதிய குற்றமும் ஒரே சாயலாக இருக்கும்போது இந்த ஆபத்து மிகவும் பெரிது என்று தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஓல்ட் சீஃபின் நிலை அதுதான். அடிதடிக்கு மேல் அடிதடி.

இந்த வழக்கைப் பற்றி நான் தேநீர்க் கடையில் ஒரு மாணவனின் தந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "வாத்தியாரே, அடிதடிக்காரன அடிதடிக்காரன்னு சொன்னா என்ன தப்பு? அவன் செஞ்சதத்தானே சொல்றாங்க? பொய்யா சொல்லிட்டாங்க?"

நல்ல கேள்வி. மறுத்து எழுதிய நான்கு நீதிபதிகளின் மனத்திலும் ஏறக்குறைய இதுவே இருந்தது. அவர்கள் சார்பில் எழுதியவர் நீதிபதி ஓகானர் அம்மையார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. மனிதர்கள் 'ஏதோ ஒரு குற்றத்தில்' தண்டிக்கப்படுவதில்லை, குறிப்பிட்ட ஒரு குற்றத்தில்தான் தண்டிக்கப்படுகிறார்கள் என்றார் அவர். நாடாளுமன்றமே பழைய தண்டனையை இந்தக் குற்றத்தின் ஓர் அங்கமாக்கி வைத்திருக்கிறது. அந்த அங்கத்தை மூடி மறைத்தால் ஜூரிகள் குழம்புவார்கள், பெயர் சொல்லாத குற்றம் என்னவோ ஏதோ என்று இன்னும் மோசமாகக் கற்பனை செய்வார்கள். பழைய குற்றத்தை எதற்காக மட்டும் பயன்படுத்தலாம் என்று நீதிபதி எச்சரித்தால் போதுமே என்பதும் அவர் வாதம்.

கற்பனை பற்றிய பேச்சில் நியாயம் உண்டு. மூடிய பானைக்குள் என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் எச்சரிக்கை செய்தால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. "அந்தப் பையனைப் பார்க்காதீர்கள்" என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பார்க்காமல் இருந்த இரண்டொருவரும் பார்ப்பார்கள். அன்று தேநீர்க் கடையில் அந்தத் தந்தைக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். பொய் சொன்னார்கள் என்று யாரும் குறை கூறவில்லை. மெய்தான். அந்த மெய் இந்தக் கேள்விக்கு உரிய விடையன்று. அவர் சிரித்துக்கொண்டே, "ஒங்களுக்கு ஸ்கூல் புத்தி வாத்தியாரே" என்றார். ஒப்புக்கொண்டாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐந்துக்கு நான்கு என்று ஓல்ட் சீஃப் வென்றார். வென்றார் என்றால் வீட்டுக்குப் போனார் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ஒரு தவறு நேராமல் இருந்தாலும் ஜூரிகள் இதே முடிவுக்கு வந்திருப்பார்களா என்பதைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஒன்றும் சொல்லாமல், வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. தீர்ப்பு மாற்றியது நாட்டின் கூட்டரசு நீதிமன்றங்கள் அனைத்திலும் நடைமுறையை. அதன் பிறகு இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொள்ள முன்வந்தால், ஜூரிகள் கேட்பது பெயரில்லாத, ஊரில்லாத, உப்புச் சப்பில்லாத ஒரே ஒரு வாக்கியத்தை.

அந்த வாக்கியத்துக்கு 2019-இல் ஒரு வால் முளைத்தது. தடை செய்யப்பட்டவர் துப்பாக்கியை வைத்திருந்தார் என்று காட்டினால் போதாது, தாம் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றும் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அது தண்டனை பெற்றவரின் வழக்கன்று. படிக்க வந்து, பல்கலைக் கழகத்தால் நீக்கப்பட்டு, விசா தகுதி இழந்த ஒரு வெளிநாட்டு மாணவர் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் மாட்டிக்கொண்ட வழக்கு. ஆனால் அதே சட்டம் என்பதால் சிறையில் இருந்த பலரும் மேல்முறையீடு செய்தார்கள். 2021-இல் நீதிமன்றம் அந்தக் கதவைப் பெரும்பாலோருக்குச் சாத்திவிட்டது. பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவனுக்குத் தான் தண்டனை பெற்றவன் என்பது தெரியாமலா இருக்கும் என்பது அதன் காரணம். தண்டனையின் உச்சவரம்போ பத்தாண்டாக இருந்தது, 2022-இல் பதினைந்தாக உயர்ந்தது.

இன்னொருவரின் கதையையும் சொல்லியாக வேண்டும். கூலி வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது உடனே புரியும். பென்சில்வேனியாவில் ஒருவர். புல் வெட்டும் வேலை. மணிக்கு ஒன்பது டாலர் சொச்சம். மனைவி, மூன்று பிள்ளைகள், வாரத்துக்கு 300 டாலர் வருமானம். ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உணவு உதவி கேட்ட மனுவில் வருமானத்தை முழுதாகக் காட்டவில்லை. 1995-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2,458 டாலரைத் திருப்பிக் கட்டினார். சிறைக்குப் போகவில்லை. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே. ஆனால் அந்தக் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம் என்று சட்டப் புத்தகத்தில் இருந்ததால், வாழ்நாள் முழுதும் மான் வேட்டைக்குக்கூடத் துப்பாக்கி வாங்க முடியாதவராகிவிட்டார். இத்தகையோர் விண்ணப்பித்து விலக்குப் பெறச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. அந்த விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கான பணத்தை 1992 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாடாளுமன்றம் ஒதுக்கவே இல்லை! அவர் தாமே வழக்குத் தொடுத்தார். 2023-இலும், மறு ஆய்வுக்குப் பின் 2024 டிசம்பரிலும் அந்த வட்டாரத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைப் பொறுத்தவரை தடை செல்லாது என்றது. வேறு சில வட்டாரங்களின் நீதிமன்றங்கள் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. உணவு உதவி மனுவில் பொய் சொன்னவரும் ஆளை அடித்துப் படுக்கையில் போட்டவரும் அந்தப் பெயரில்லாத வாக்கியத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இது அந்த வாக்கியத்தின் குறையா, சட்டத்தின் குறையா? சட்டத்தின் குறை என்றே நான் நினைக்கிறேன்.

நம் மலேசியாவில் துப்பாக்கி விஷயத்தில் இவ்வளவு பேச்சுக்கே இடமில்லை. முன்பு தண்டனை பெற்றவரோ பெறாதவரோ, உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சுடுகருவிகள் கூடுதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் பதினான்கு ஆண்டு வரை சிறை. அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி. ஜூரி முறையும் நம்மிடம் இல்லை. மரண தண்டனை வழக்குகளில் ஏழு பேர் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. 1995-இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. நீதிபதி ஒருவரே சாட்சிகளையும் கேட்கிறார், தீர்ப்பையும் சொல்கிறார்.

ஆயினும் சூட்டர் சொன்னதற்குப் பக்கத்தில் வரும் ஒரு விதி நம்மிடம் வெகு காலமாகவே இருக்கிறது. இந்தியாவில் 1872-இல் எழுதப்பட்ட சாட்சியச் சட்டத்தின் வழியில் வந்த நம் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 54-ஆம் பிரிவைப் பாருங்கள். குற்றவியல் வழக்கில் ஒருவர் கெட்ட நடத்தை உடையவர் என்பது பொருந்தாத சாட்சியம் என்று அது சொல்கிறது. அவரே தம்மை நல்லவர் என்று காட்டச் சாட்சி கொண்டுவந்தால் அப்போது அரசுத் தரப்பு எதிர்த்துக் காட்டலாம். வேறு சில விலக்குகளும் உண்டு. மற்றபடி விசாரணை நடக்கும் நாட்களில் பழைய பதிவேடு மூடியே இருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். சாட்சிகள் வந்து போவார்கள், வாதங்கள் முடியும், நீதிபதி குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வார். அதற்குப் பிறகு, தண்டனை எவ்வளவு என்று முடிவு செய்யும் கட்டத்தில்தான் அரசுத் தரப்பு எழுந்து பழைய தண்டனை உண்டா இல்லையா என்று சொல்லும். இருந்தால் அந்தத் தாள் மேலே போகும். அதில் பழைய குற்றத்தின் பெயர், ஆண்டு, தண்டனை எல்லாம் இருக்கும். நீதிபதி அதைப் படிப்பார். பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, இவருக்கு இத்தனை பிள்ளைகள், இன்ன இடத்தில் வேலை, வயதான தாயாரை இவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லத் தொடங்குவார்.